தாழை பூத்த குளம்

எனக்கும் எங்கள் குளத்துத் தாழைக்கும் ஒரே வயது. நான் பிறந்த வருஷம்தான் என்னைப் பெற்ற நைனா தாழைக் கிளைகளை வெட்டி வந்து, குளக்கரையின் ஈரமண்ணில் சுற்றிலும் ஊன்றினாராம். எனக்கு ஏழு வயதானபோது கரை முழுக்க முள்வேலி. உள்ளே தண்ணீர் இருப்பதே வெளியே தெரியாது. ஆள் நுழைய ஒரே ஒரு வளைந்த சந்து.

ஊரைச் சுற்றி எங்கே பார்த்தாலும் தண்ணீர், எல்லாம் உப்பு. இடுப்பளவு ஏரியில் நின்று கையால் இறால் தடவிப் பிடிக்கும் அம்மாவுக்கு, கரையேறினால் குடிக்க அந்தக் குளம் ஒன்றுதான். பழவேற்காட்டுக் கோட்டையிலிருந்த உலாந்தாக்காரர்கள், அதாவது டச்சு வெள்ளைக்காரர்கள், கப்பலுக்குக் குடிதண்ணீர் தேடி ஊர் ஊராய்ப் பீப்பாய்களை உருட்டி வருவார்கள். பக்கத்தில் இரண்டு ஊர்க் குளங்கள் அப்படித்தான் வற்றின. இதெல்லாம் பெரியவர்கள் பேச்சு. எனக்கென்ன வந்தது?

எனக்குத் தெரிந்த ஒரே சட்டம், தாழை பூக்கக் கூடாது. மொட்டு தலைகாட்டியதும் நைனா அரிவாளோடு வந்துவிடுவார். ஏன் என்று கேட்டால், "வாசனைக்குப் பாம்பு வந்துடும் கண்ணு" என்பார்.

ஓர் ஆவணியில் ஒரு மொட்டை நான் ஒளித்துவிட்டேன். முள் கையைக் கிழிக்கக் கிழிக்க, ஓலைகளை வளைத்து அதன்மேல் மூடினேன். பூ எப்படித்தான் இருக்கும் என்று பார்த்தே ஆகவேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் காலையில் மடல் பிரிந்திருந்தது. அப்பாடா, அந்த வாசனை! மீன் நாற்றத்திலேயே பிறந்து வளர்ந்த மூக்கு என்னுடையது. உலகத்தில் இப்படியும் ஒன்று உண்டா என்று வாயடைத்து நின்றேன். தொட்டால் கையெல்லாம் பொடி ஒட்டியது. உடம்பு சிலிர்த்தது. கும்பிடத் தோன்றியது, கும்பிட்டேன்.

நிலக்காற்று அந்த வாசனையை ஏரிக்கு எடுத்துப் போயிற்று. அவ்வழியே போன கோட்டைப் படகு ஒன்று கரை ஒதுங்கியது. இறங்கிய தொப்பிக்காரர் முகர்ந்துகொண்டே வந்தார். பெரியவர்கள் எல்லாரும் ஏரியில். என் பூவைத் தேடிக் கோட்டையிலிருந்தே ஆள் வந்துவிட்டது என்ற பெருமையில், அவர் கையைப் பிடித்துச் சந்து வழியாக அழைத்துப் போனேன். குனிந்து முகர்ந்தவர் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது குளத்தைப் பார்த்தார். ஒரு கை அள்ளிக் குடித்தார். மறுபடியும் அள்ளினார். பிறகு தொப்பியைக் கழற்றி எனக்கொரு வணக்கம் வேறு.

மறுநாள் பீப்பாய்கள் வந்தன. அரிவாளோடு சந்து வாயை மறித்து நின்ற நைனாவைத் துப்பாக்கிக்காரர்கள் ஒதுக்கிவிட்டார்கள். அவர் என் கையிலிருந்த பொடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

நாலே நாளில் குளம் சேறாயிற்று. அம்மா வெறுங்குடத்தோடு அதன் நடுவே நின்றிருந்தாள். நான் அவள் சேலையை இழுத்தேன்.

"பாத்தியாம்மா? பூ பூத்திச்சு. நைனா சொன்ன பாம்பு ஒண்ணுகூட வர்ல."

அம்மா குடத்தைக் கீழே வைத்துவிட்டு, என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அழுதாள். பாவம், பாம்புக்கு இத்தனை நாளும் இவ்வளவு பயந்திருக்கிறாளே என்று நான் அவள் கண்ணைத் துடைத்துவிட்டேன்.