புல்மேடு எரிந்த மாசியில் தாசம்மாள்

தாசம்மாள் இருமினால் லயத்தில் கதவுகள் சாத்தப்படும். அப்படி எட்டு வருஷம் ஆகியிருந்தது.

கல்குளம் பக்கத்திலிருந்து, வித்துராவுக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்துக்குக் கணவனோடு கொழுந்து கிள்ள வந்தபோது அவளுக்கு இருபது வயது. பத்து வருஷத்தில் கணவன் காய்ச்சலில் போய்விட்டான். அடுத்த மாசியில் மலை உச்சியில் புல்மேடு எரிந்தது. புகை இறங்கி, தொழிலாளர் குடியிருந்த லயத்தின்மேல் ஒரு வாரம் படுத்துக்கிடந்தது. எல்லோரும் இருமினார்கள். மற்றவர்களுக்கு நின்றது, அவளுக்கு நிற்கவில்லை. தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரசர் நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்து, க்ஷயமில்லை, இழுப்புதான் என்று சொன்னார். ஆனால் க்ஷயம் என்ற சொல்லைத்தான் லயம் பிடித்துக்கொண்டது. மேல் ஓரத்தில், புல்மேட்டுக்கு அடியில் கிடந்த பழைய காவல் குடிசையில் அவளைப் போய் இருக்கச் சொன்னார்கள்.

புகை முதலில் வந்து சேரும் இடம் அதுதான். ஒவ்வொரு மாசியிலும் அவளுக்கு இருமல் கூடும். கூடியதைப் பார்த்து, தாங்கள் செய்தது சரி என்று லயத்தார் தலையாட்டிக்கொள்வார்கள்.

தனியாக இருந்ததில் தாசம்மாள் புகையைப் படித்துக்கொண்டாள். விடிகாலையில் அது தரையோடு ஒட்டிக் கிடக்கும். உச்சிவெயில் ஏறினால் கொஞ்சம் மேலெழும். காற்று வரும் பக்கம் கதவைச் சாத்த வேண்டும். ஈரச் சாக்கு தொங்கவிட்டால் சாம்பல் நிற்கும், புகை முழுக்க நிற்காது. அந்த நாட்களில் அடுப்பு மூட்டக் கூடாது, ஏற்றம் ஏறக் கூடாது, மூச்சை வீணாக்கக் கூடாது. இதையெல்லாம் அவளிடம் யாரும் கேட்டதில்லை.

கொல்லம் ஆயிரத்து நூற்றுப் பதிமூன்றாம் ஆண்டு மாசியில் எரிந்ததுபோல் அதற்கு முன் எரிந்ததில்லை. கரிந்த புல் இழைகள் உருவம் மாறாமல் வந்து முற்றத்தில் விழுந்தன. மூன்றாம் நாள் வேலை நிறுத்தப்பட்டது. அன்று காலை, எல்லோரும் தண்ணீர் பிடித்துப் போன பிறகு, வழக்கம்போல் தாசம்மாள் குழாயடிக்கு இறங்கினாள். குடம் நிறைத்துத் திரும்பும்போது கடைசி வீட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது. பிள்ளையின் மூச்சு. விசில் போல இழுத்தது.

சுசீலாபாயின் ஐந்து மாதப் பிள்ளை அது. கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தன. இடுக்கு வழியாகக் குங்கிலிய வாசனை வந்தது. அந்த லயத்தில் பிள்ளைக்குச் சளி கட்டினால் குங்கிலியப் புகை காட்டுவது பழக்கம். கெட்ட புகையை நல்ல புகை விரட்டும் என்று நினைத்துத் தாய் விடியும் முன்பே சட்டியில் கனல் போட்டிருந்தாள்.

தாசம்மாள் குடத்தை வைத்துவிட்டு முற்றத்தில் நின்று கூப்பிட்டாள். கதவைத் திறந்தவன் சுசீலாபாயின் கணவன் ஞானையன். அவனும் இருமிக்கொண்டிருந்தான்.

“இருமல்காரி வைத்தியம் சொல்ல வந்தாச்சு. இனி டிரசர் வேலைய விட்டுட்டு வீட்டுக்குப் போகலாம்.”

“வெளிய உள்ள புகை போதாதுண்ணு உள்ளயும் போடுதியளா? பிள்ளைக்கு நெஞ்சு ஒண்ணுதானே மக்ளே. நான் கிட்ட வரல்ல. அந்தச் சட்டிய மட்டும் வெளிய எடுத்து வையி.”

ஞானையன் அசையவில்லை. அவன் முதுகுக்குப் பின்னால் பிள்ளை மறுபடியும் இழுத்தது. சுசீலாபாய்தான் அவனைத் தள்ளிக்கொண்டு சட்டியோடு வந்து படியில் வைத்தாள். யாரும் சொல்வதற்கு முன்பே தாசம்மாள் பத்தடி விலகி நின்றாள். சுசீலாபாய் உள்ளே போனதும் வந்து, தன் குடத்துத் தண்ணீரைச் சட்டியில் ஊற்றினாள். பிறகு விலகி நின்றபடியே மற்றதைச் சொன்னாள். உச்சிவேளை வரை அடுப்பு வேண்டாம், புகை எழும்பியதும் கல்லாற்றுக்கு இறங்குங்கள், ஆற்றங்கரையில் காற்று மாறி அடிக்கும், அங்கே புகை இருக்காது.

உச்சிவேளையில் பிள்ளையின் விசில் தணிந்திருந்தது. நிற்கவில்லை. சுசீலாபாய் ஆற்றுக்கு மூட்டை கட்டினாள். அதைக் கண்டு மற்ற வீடுகளும் கட்டின. லயத்தார் எல்லாம் பாய், சட்டியுடன் வரிசையாக இறங்கினார்கள். சுசீலாபாய் திருப்பத்தில் நின்றாள்.

“நீங்களும் வாங்க சித்தி. கொஞ்சம் தள்ளி நடந்தா போதும்.”

அவள் மனதில் வஞ்சனை இல்லை. அது தாசம்மாளுக்கும் தெரியும்.

“இறங்கிருவேன். திரும்ப ஏறணுமே மக்ளே. நீ போ.”

அது உண்மைதான். முழு உண்மை அல்ல.

அவர்கள் போன பின் லயம் அவளுடையதாயிற்று. குடிசையில் மூச்சுவிட முடியாது. திறந்து கிடந்த ஒரு வீட்டுக்குள், எட்டு வருஷத்துக்குப் பிறகு வாசற்படி தாண்டி நுழைந்தாள். சாக்கை நனைத்துத் தொங்கவிட்டாள். பழங்கஞ்சி குடித்து, தரையோடு படுத்துக் கிடந்தாள். பேச ஆளில்லாததால் மூச்சு மிச்சமாயிற்று.

அவர்கள் இறங்கிய நான்காம் நாள் மழை தூறி, மலை அவிந்தது. அன்று பிற்பகல் திருப்பத்தில் பிள்ளையின் அழுகை கேட்டது. தாசம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டாள். நீளமான, முரட்டு அழுகை. நடுவில் விசில் இல்லை.

அவர்கள் வந்து சேருமுன் வீட்டைப் பெருக்கிவிட்டு, சாக்கைச் சுருட்டி எடுத்துக்கொண்டு மேலே ஏறினாள். ஏற்றத்தில் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினாள். கீழே பிள்ளை இன்னும் அழுதுகொண்டிருந்தது.