முழங்காலுக்குக் கீழே ஒரு வரப்பு

ஆஸ்பத்திரியில் ஒரு கிழவனின் காலில் யார் கோடு போட்டார்கள், யார் அழித்தார்கள் என்று தெரிந்துகொண்டு உங்களுக்கு என்ன ஆகப்போகிறது? அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்திருப்பீர்கள், போய் அதைப் பாருங்கள். என் வீட்டுக்காரரின் கால், என் கை, எங்களுக்குள் முடிந்துபோன சங்கதி. சரி, போகமாட்டீர்கள் போலிருக்கிறது. உட்காருங்கள். பாதியில் சிரித்தால் நிறுத்திவிடுவேன்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு நான் விடுமுறை கொடுத்துவிட்டேன். அதனால் நடந்ததை நடந்தபடிதான் சொல்லத் தெரியும்.

எங்கள் ஊர் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில். மக்காச்சோளம் அறுத்த காட்டில் தட்டையின் அடிக்கட்டை ஈட்டி மாதிரி நிற்கும். அதில் என் வீட்டுக்காரர் செருப்பில்லாமல் நடந்துபோய்க் கணுக்காலைக் கிழித்துக்கொண்டு வந்தார். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பத்துப் போட்டேன். மறுநாள் சாயங்காலம் பாதம் பூசணிக்காயாகிவிட்டது. சிவப்பு கெண்டைக்கால் பக்கம் ஏறியது. கையை வைத்தால் சுட்டது. போர்வைக்குள் நடுங்கிக்கொண்டே, "ஒண்ணுமில்ல புள்ள, காலைல சரியாயிடும்" என்றார். அதோடு விட்டிருந்தால் நானும் நம்பியிருப்பேன். ஆட்டுக்குத் தண்ணி காட்டினாயா என்று கேட்டார். நாங்கள் ஆட்டை விற்று நான்கு வருஷம் ஆகிறது. உடனே ஆட்டோ பிடித்துப் பெரம்பலூருக்குக் கொண்டுபோனேன்.

அங்கே கட்டில் கொடுத்து, கையில் ஊசி குத்தி, பாட்டிலைத் தொங்கவிட்டார்கள். நர்ஸ் பெண் நீலப் பேனாவை எடுத்து, சிவப்பு எதுவரை ஏறியிருக்கிறதோ அதன் ஓரத்திலேயே காலைச் சுற்றிக் கோடு போட்டது. பக்கத்தில் பொடியாக மணியும் எழுதியது.

"பாட்டி, செவப்பு இந்தக் கோட்டத் தாண்டுச்சுன்னா ஒடனே எங்கிட்ட சொல்லணும், என்ன?"

"ஏன் கண்ணு, தாண்டுனா அபராதமா?"

அந்தப் பெண் சிரித்துவிட்டுப் போய்விட்டது. அவர் சிரிக்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரருக்குச் சர்க்கரையில் இரண்டு விரலை எடுத்திருந்தார்கள். அந்தக் கதையை அந்த ஆள் ஒன்றுக்கு இரண்டு தடவை சொல்லியிருந்தார்.

"தாண்டுனா எடுத்துருவாங்களோ?" என்றார் என் வீட்டுக்காரர்.

"எத?"

"காலத்தான்."

"எடுத்தா எடுக்கட்டும். செருப்பு ஒண்ணு வாங்குனா போதும்."

நாற்பத்திரண்டு வருஷத்தில் என் பேச்சுக்கு அவர் சிரிக்காமல் இருந்தது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை. கஞ்சி கொடுத்தால் உதட்டை நனைத்துவிட்டு வைத்துவிடுவார். கண் மட்டும் கோட்டின் மேலேயே இருந்தது. எங்கள் கிழக்குக் காட்டுக்குப் பக்கத்துக் காட்டுக்காரர் ஒவ்வொரு உழவுக்கும் வரப்பை ஒரு சாண் எங்கள் பக்கம் அரக்கிவிடுவார். அந்த வரப்பை இவர் எப்படிப் பார்ப்பாரோ, அப்படியே அந்தக் கோட்டையும் பார்த்தார்.

மறுநாள் மத்தியானம் அவர் கண்ணை மூடியிருந்தபோது துணியை விலக்கிப் பார்த்தேன். சிவப்பு கோட்டைத் தாண்டி இரண்டு விரல் மேலே போயிருந்தது.

நர்ஸிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. முழித்ததும் இதைப் பார்த்தால் இந்த மனுஷன் தண்ணீரும் குடிக்கமாட்டார் என்பது ஒன்றுதான் என் தலையில் ஓடியது. அவருடைய சட்டை கட்டில் கம்பியில் தொங்கியது. பாக்கெட்டில் பேனா. கைநாட்டு வைக்கமாட்டேன், கையெழுத்துதான் போடுவேன் என்று காட்டுவதற்காகவே வைத்திருக்கும் பேனா. சுவரில் மாட்டியிருந்த கை துடைக்கும் மருந்தை முந்தானையில் நனைத்துப் பழைய கோட்டை அழித்தேன். நான்கு விரல் மேலே தள்ளிப் புதுக் கோடு போட்டேன். நாற்பது வருஷம் கோலம் போட்ட கை, கோடு பிசகவில்லை. நர்ஸ் எழுதியிருந்ததைத் தொடவில்லை. எழுத்தோடு எனக்கு எந்தப் பகையும் கிடையாது.

கண்ணைத் திறந்தார். காலைப் பார்த்தார்.

"பாத்தீங்களா, உள்ள போயிடுச்சு. கோட்டுக்குள்ள எவ்ளோ எடம் சும்மா கெடக்கு பாருங்க."

என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "ஆமா புள்ள," என்றார். பிறகு, "பசிக்குது."

மூன்று இட்லி தின்றார். எனக்கு அழுகை வந்தது. சட்னி காரம் என்று சொல்லிக்கொண்டேன்.

சாயங்காலம் டாக்டரம்மா வந்தது. சின்ன வயசு. காலைப் பார்த்துவிட்டு, "நல்லா கொறைஞ்சிருக்கே தாத்தா. நாளைக்கு ஊசிய நிறுத்திட்டு மாத்திரையோட வீட்டுக்கு அனுப்பிடலாம்" என்றது. அவர் கும்பிட்டார். நான் தள்ளியது கோட்டைத்தான் என்று நினைத்திருந்தேன். அதோடு சேர்ந்து ஊசியும் அல்லவா தள்ளிப் போகிறது?

வராந்தாவில் ஓடிப்போய் மறித்தேன். "டாக்டரம்மா, அந்தக் கோடு நாந்தான் போட்டேன்."

"எந்தக் கோடு?"

"அவரு கால்ல. ரெண்டு வெரல் தாண்டியிருந்துச்சு. அழிச்சிட்டுத் தள்ளிப் போட்டுட்டேன். சாப்புடவே மாட்டேன்னுட்டாரு, அதான்."

பின்னால் நின்ற நர்ஸுக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் மணி போட்டு வச்சது வெளையாட்டுக்கா பாட்டி?"

மை பட்ட முந்தானையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

டாக்டரம்மா உள்ளே திரும்பிப் போய்க் காலை அமுக்கிப் பார்த்தது. வலி நேற்றைக்கு இன்று பாதி என்றார் அவர். காய்ச்சல் எழுதிய சீட்டையும் பார்த்துவிட்டு என்னிடம் வந்தது.

"பாட்டி, மருந்து பட்டுக் கிருமி சாவுறப்ப, அதுகிட்ட இருக்கிற விஷமெல்லாம் வெளிய கொட்டும். அதப் பாத்து நம்ம ஒடம்போட காவக்காரங்க இன்னும் கோவமா வந்து எறங்குவாங்க. செவப்பு, சூடு, வீக்கம் எல்லாம் பாதி அவங்க பண்றதுதான். அதனால மொத ரெண்டு நாள் கொஞ்சம் ஏறலாம். காச்சலும் வலியும் கொறையுது, அது நல்லது. ஆனா கிருமியே இன்னும் ஏறுதுன்னா நான் மருந்த மாத்தணும். அத எனக்குச் சொல்ல அந்தக் கோடுதான் இருக்கு."

நான் யோசித்தேன். "எங்க காட்டுல பன்னி வெரட்டுற மாதிரியா?"

"எப்படி?"

"சோளத்துல காட்டுப்பன்னி பூந்துச்சுன்னா ஊரே கம்போட எறங்கும். பன்னி ஓடிப்போயிடும். இவனுங்க அது தெரியாம காடு பூரா மிதிச்சுக்கிட்டே கெடப்பானுங்க."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதேதான். பன்னி போயிடுச்சுன்னு எனக்குத் தெரியுற வரைக்கும் ஊசிய நிறுத்த மாட்டேன்."

உள்ளே போய், "தாத்தா, தெனமும் புதுக் கோடு போடணும்" என்று எனக்காக ஒரு பொய் சொல்லி, சிவப்பு இருந்த இடத்திலேயே கோடு போட்டது. நர்ஸ் அவருடைய சட்டைப் பாக்கெட்டிலிருந்த பேனாவை எடுத்துக்கொண்டது. "போறப்பத் தரேன் பாட்டி."

மறுநாள் சிவப்பு கோட்டிலேயே நின்றது. அதற்கடுத்த நாள் அரை விரல் கீழே இறங்கியது. பாதத்துத் தோல் சுருங்கிச் சுருக்கம் விழுந்திருந்தது. வீக்கம் வடிகிற அடையாளம் என்றார்கள். என் முகத்தில் விழுந்த எந்தச் சுருக்கத்தையும் நான் அவ்வளவு ஆசையாகத் தடவிப் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்: "பேனா கூசுச்சு புள்ள."

"முழிச்சிருந்தீங்களா?"

"நீ அழிக்கிறப்பவே."

"அப்புறம் எதுக்கு மூணு இட்லி தின்னீங்க?"

"பயந்துபோய்க் கெடந்த. நாலு வாய் தின்னா தைரியம் வரும்னு பாத்தேன்."

"யாருக்கு?"

"பின்ன எனக்கா?"

ஊர் வரும்வரை அவர் காலைத் தூக்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். பஸ்ஸில் எல்லோருக்கும் அது ஆச்சரியமாக இருந்திருக்கும்.

அன்றைக்கே அக்கம்பக்கத்தார் பார்க்க வந்தார்கள். கிழக்குக் காட்டின் பக்கத்துக் காட்டுக்காரரும் வந்து காப்பித் தம்ளரோடு உட்கார்ந்தார். "என்னாக்கா ஆச்சு, எதாச்சும் கடிச்சிடுச்சா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"வரப்புத் தகராறுடி," என்றேன். "கிருமிக்கும் இவரு ஒடம்புக்கும். ரெண்டு பக்கமும் சேந்து கால மிதிச்சுப்புட்டாங்க. கால் செவந்து சூடாச்சுன்னா என்ன மாதிரி சுண்ணாம்பக் கொழைச்சுக்கிட்டு உக்காராதீங்க, அன்னைக்கே போயிடுங்க. இன்னொண்ணு, வரப்பத் தள்ளி வக்கிறவங்க யாரா இருந்தாலும் அவங்களே போயி ஒத்துக்கிட்டா, ஆஸ்பத்திரியில கூடத் திட்டுறதில்ல. நானே பாத்துட்டு வந்தேன்."

சொல்லும்போது பக்கத்துக் காட்டுக்காரர் பக்கம் நான் திரும்பவே இல்லை. அவருக்குக் காப்பி ஆறுகிறதே என்று மட்டும் சொன்னேன்.