கழுத்துக்கு ஒரு சாண் மேலே

கத்தி அந்தப் பெண்ணின் கழுத்துக்கு ஒரு சாண் மேலே இருந்தபோதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. என் கையில் இருப்பது ரப்பரா, இரும்பா?

முப்பது வருஷம் அடியாள் வேஷம் போட்டவன் நான். எந்தப் படத்திலும் என் முகம் யாருக்கும் பதியவில்லை. முகமே தெரியாத ஒரு வேஷம்தான் பேர் வாங்கிக் கொடுத்தது. பீங்கான் முகமூடி மாட்டிக்கொண்டு ஒவ்வொருவராகக் கொல்லும் கொலைகாரன், வெள்ளமூஞ்சி. விருத்தாசலத்தில் மூடிக் கிடந்த ஒரு செராமிக் கம்பெனிக்குள்தான் முழுப் படப்பிடிப்பும். இன்றைக்கும் ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸில் ஏறினால் எவனாவது செல்போனில் அந்தக் காட்சியைக் காட்டி, "இது நீங்கதானுங்களே?" என்கிறான். என் உயரம் காட்டிக் கொடுத்துவிடுகிறது.

எனக்கு இரண்டு கத்தி. குளோசப்பில் பளபளக்க வேண்டும், அதற்கு இரும்பு. ஆளைக் குத்தும் ஷாட்டுக்கு ரப்பர். ரப்பர் கத்தியின் கைப்பிடிக்குள் ஈயம் வைத்திருப்பார்கள், பார்வையிலும் எடையிலும் வித்தியாசமே தெரியாது. அதனால் கைக்கு வந்தவுடன் நுனியைத் தொடையில் அழுத்திப் பார்ப்பேன். வளைந்தால் ரப்பர்.

கடைசி நாள். கதாநாயகி தேன்மொழி கருவேப்பிலங்குறிச்சிப் பெண், அவளுக்கு அது முதல் படம். அவள் ஓட வேண்டும். பீங்கான் வார்க்கும் பிளாஸ்டர் மோல்டுகளை அடுக்கிய ரேக் அவளுக்குப் பின்னால் சரிய வேண்டும். நான் முடியைப் பிடித்திழுத்துக் கழுத்தில் கத்தியை இறக்க வேண்டும். மோல்டுகள் உடைந்தால் உடைந்ததுதான், இரண்டாவது டேக் கிடையாது.

டைரக்டர் காலையிலிருந்தே பதறிக்கொண்டிருந்தார். "அண்ணே, நடுவுல நின்னுடாதீங்க. நின்னீங்கன்னா என் கதை முடிஞ்சுது."

அந்தப் பதற்றம் எனக்கும் தொற்றிக்கொண்டது. முகமூடியை மாட்டியாகிவிட்டது. அதன் ஓட்டை வழியே நேரே இருப்பது மட்டும்தான் தெரியும். யாரோ கையில் கத்தியைத் திணித்தார்கள். உடனே "ஆக்‌ஷன்" என்றார்கள். நான் அழுத்திப் பார்க்கவில்லை.

ஓடினேன். ரேக் சரிந்து ஒரே புழுதி. முடியைப் பிடித்தேன், கையை ஓங்கினேன். ஐயோ, இதற்கு முந்தின ஷாட்டு குளோசப்பாச்சே! அதே இரும்புக் கத்தியை எவனாவது திருப்பிக் கொடுத்திருந்தால்?

கை அந்தரத்தில் நின்றுவிட்டது. இறக்க முடியவில்லை. முழங்கை வரைக்கும் வெடவெடவென்று நடுங்கியது. தேன்மொழி கண்ணை இறுக மூடிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தாள், பாவம், நடிப்பென்று நம்பி. கத்தியைத் தூர வீசிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"யோவ்! என்னய்யா பண்ணித் தொலைச்ச?" 'அண்ணே' எங்கேயோ போய்விட்டது.

"இரும்பா ரப்பரான்னு தெரியலங்க, சார்."

தேன்மொழிதான் எழுந்துபோய் அதை எடுத்தாள். வளைத்தாள். நன்றாக வளைந்தது. பின்னால் யாரோ சிரித்தார்கள். வந்த ஆத்திரத்துக்கு அவனை அறைந்திருப்பேன். என் புத்தியைத்தான் முதலில் அறைந்திருக்க வேண்டும்.

அவள் சிரிக்கவில்லை. முகம் வெளுத்துப்போய் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "எங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கண்ணே. இப்பவே வூட்டுக்கு இட்டுக்கிட்டு போயிடுவாங்க."

டைரக்டர் மானிட்டரில் இரண்டு தடவை போட்டுப் பார்த்தார். கோபமெல்லாம் இறங்கிவிட்டது. "அண்ணே, இதுவே இருக்கட்டும். வெள்ளமூஞ்சிக்குக் கை வரல, பொண்ணு தப்பிச்சுடுதுன்னு மாத்திக்கிறேன்."

படம் ஓடியதே அந்த நடுக்கத்தால்தான் என்கிறார்கள். புதிதாக நடிக்க வருகிறவர்கள் அதை எப்படிச் செய்தேன் என்று கேட்கிறார்கள். அதில் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை. நான் செய்ய வேண்டிய வேலையைச் செய்யாமல் விட்டதால் வந்த நடுக்கம் அது. யார் அவசரப்படுத்தினாலும், ஷாட்டே போனாலும், கத்தியைச் சோதிக்காமல் இன்னொருத்தர் கழுத்துப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

அந்தக் காட்சியை நான் இதுவரை முழுசாகப் பார்த்ததில்லை. கை மேலே போகும்போதே கண்ணை மூடிக்கொள்வேன். அன்றைக்கு அது ரப்பராக இருந்ததில் என் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை.