அகலப் பலகைக்கு ஒரு வால்

சுவரோரம் சாய்த்து வைத்திருந்த மேஜைப் பலகைகளை மாமா ஒதுங்கி ஒதுங்கிக் கடந்து போனதுதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. தேக்குத் துண்டுகளை ஒட்டிச் சேர்த்த பலகைகள். ஒவ்வொன்றும் இரண்டரை அடி அகலம். அண்ணாமலை நகரில் ஒரு மாணவர் விடுதிக்குப் போக வேண்டியவை. இரண்டு நுனிகளையும் குறுக்கே நேராக அறுத்துக் கொடுத்தால்தான் தச்சர்கள் மேற்கொண்டு தொட முடியும். கடலூர் முதுநகரில் இருந்த அந்த மரப்பட்டறையில் ரம்ப மிஷினில் நிற்பவர் மாமா, என் அம்மாவின் தம்பி. பலகை என்ன ஆயிற்று என்று கேட்டவர்களிடம் ரம்பச் சக்கரம் மழுங்கிவிட்டது என்றார். சக்கரம் சாணை பிடித்து வந்ததும், பசை இன்னும் காயவில்லை என்றார்.

எல்லோருக்கும் காரணம் தெரியும். முந்தைய மழைக்காலத்தில் இதே போல ஓர் அகலமான கதவுப் பலகையை அறுக்கும்போது அது கோணிக்கொண்டு பாதியில் சிக்கியது. மாமா இடது கையால் பலகையை ஓங்கித் தள்ளினார். பலகை எகிறியது, இரண்டு விரல்களின் நுனி போயிற்று. காயம் ஆறித் திரும்பியவர் குறுகலான கட்டைகளை முன்போலவே அறுத்தார். அகலப் பலகை என்றால் மட்டும் வேறு வேலை தேடிக்கொண்டார். பட்டறை முதலாளி பாய் பொறுத்துப் பார்த்துவிட்டு நெல்லிக்குப்பத்திலிருந்து ஓர் ஆளை வரவழைத்தார். வெள்ளிக்கிழமைக்குள் மாமா அந்தப் பலகைகளை அறுக்காவிட்டால் மிஷின் புது ஆளுக்கு. மாமா லாரிக்கு மரம் ஏற்றுகிற பக்கம் போக வேண்டியதுதான். பாய் இதைக் கோபமில்லாமல் சொன்னார். அதனாலேயே அது நடந்துவிடும் என்று தெரிந்தது.

நான் அப்போது பாலிடெக்னிக் படிப்பை முடித்துவிட்டு வேலை உத்தரவுக்காகக் காத்திருந்தேன். மாமாவுக்கு மதியச் சோறு கொண்டுபோகும்போது அந்த மிஷினைச் சுற்றி வந்து பார்ப்பேன். மேஜையின் முன்விளிம்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு சாணுக்குச் சற்று அதிகமான இடம்தான் இருந்தது. பலகைக்குப் பின்னால் அண்டை கொடுத்துத் தள்ளுகிற கைடு, மேஜையில் நீளப் பள்ளமாக வெட்டிய காடிக்குள் ஓட வேண்டும். பலகை அகலமாக இருந்தால் வெட்டுத் தொடங்கும்போது கைடு மேஜைக்கு வெளியே அந்தரத்தில் நிற்கும். பலகையை நேராகப் பிடிக்க மனிதனின் கையைத் தவிர வேறொன்றும் இல்லை. மேஜையை முன்பக்கம் இரண்டு அடி நீட்டிவிட்டால் போதும் என்று மாமாவிடம் சொன்னேன். சரியாக இருக்க வேண்டியவை மூன்று. நீட்டிப்பின் மேல்தளம் பழைய மேஜையோடு ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். அதன் காடி பழைய காடியோடு ஒரே கோட்டில் சேர வேண்டும். கடைசியாக, அதற்குத் தனிக் கால் கூடாது; பட்டறைத் தரை மணல், கால் இறங்கினால் மட்டமும் இறங்கும். மிஷினின் இரும்புச் சட்டத்திலிருந்தே சாய்வாக முட்டுக் கொடுக்க வேண்டும்.

மாமா சோற்றைப் பிசைந்தபடியே கேட்டார். கடைசியில், முட்டுக்கு எந்த அளவு இரும்பு ஆங்கிள் வேண்டும் என்று மட்டும் விசாரித்தார். அவரும் நானும் வேங்கைப் பலகையில் அதைச் செய்து, மிஷின் விளிம்பில் துளை போட்டு போல்ட் வைத்து முடுக்கினோம். பட்டறையில் மாமாவை எல்லோரும் மச்சான் என்றுதான் கூப்பிடுவார்கள். மச்சான் மிஷினுக்கு வாலு வெக்கிறாரு என்று ஆட்கள் சிரித்தார்கள். வால் என்ற பெயரே நிலைத்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் கைடைப் போட்டு ஓட்டிப் பார்த்தேன், தடங்கலே இல்லை. பிறகு ஆட்கள் கைடை வெளியே எடுத்துவிட்டு, புதிதாக வந்த எதற்கும் செய்வதுபோல வாலுக்கும் பூஜை போட்டார்கள். பாய் அதற்கெல்லாம் குறுக்கே நிற்க மாட்டார். பொரிகடலை அவர் வாங்கி அனுப்பியதுதான். மாமா சந்தனத்தைக் குழைத்து, பழைய மேஜையும் வாலும் சேரும் இடத்தில் கட்டைவிரலால் அழுத்தி வைத்தார்.

“புதுசும் பழசும் சேர்ற எடம். இங்கதான் வெக்கணும்,” என்றார்.

கரண்ட் மதியம்தான் வந்தது. பாய் தொழுகைக்குப் போயிருந்தார். மாமா முதல் பலகையைத் தூக்கி வைத்தார். நெல்லிக்குப்பத்துக்காரர் எதிர்ப்பக்கம் கைகட்டி நின்றார். சக்கரம் சுற்றியது, கைடு வாலின் மேல் நகர்ந்தது, பலகைக்குள் ரம்பம் இரண்டு சாண் நீளம் போயிருக்கும். அந்த இடத்தில் கைடு நின்றுவிட்டது.

மாமா அழுத்தினார். நகரவில்லை. ரம்பத்தின் ஓசை கனத்தது, மரம் கருகும் வாடை வந்தது. “தள்ளு மச்சான்,” என்று யாரோ சொன்னார்கள். மாமாவின் இடது கை கைடை விட்டு மெல்ல எழுந்து பலகையை நோக்கிப் போவதைப் பார்த்தேன். அதே கை, அதே தள்ளல்.

“மாமா, கைய எடுக்காதீங்க. கைடப் புடிச்சிக்கிட்டு அப்படியே நில்லுங்க,” என்றேன். நான் கத்தவில்லை. சுவிட்சை அணைத்தேன்.

அணைத்ததும் நின்றுவிடுகிற சக்கரம் அல்ல அது. கூவல் உறுமலாகி, உறுமல் தேய்ந்து, பற்கள் தனித்தனியாகத் தெரிகிறவரை மாமா அந்தப் பலகையை அசையாமல் கைடோடு அணைத்துப் பிடித்திருக்க வேண்டியிருந்தது. அவர் சக்கரத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மேலுதட்டில் வியர்வை துளித்துளியாகத் திரண்டது.

சக்கரம் நின்றபின் கைடை எடுத்துப் பார்த்தோம். இரண்டு காடிகளும் சேரும் இடத்தில், மரத்தூளோடு இறுகிக் கல்லாகிப்போன சந்தனம்.

“சாமி புடிச்சி வெச்சிக்கிச்சி,” என்றார் ஒருவர். இந்த முறை சிரிப்பு சிறிதாகத்தான் எழுந்தது. நெல்லிக்குப்பத்துக்காரர் ஓர் அடி முன்னால் வந்து, “நான் அறுக்கட்டா மச்சான்?” என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். அதற்குள் பாய் தொப்பியைக்கூடக் கழற்றாமல் வாசலில் வந்து நின்றிருந்தார்.

மாமா உளியை எடுத்துக் காடியைச் சுரண்டினார். வேட்டி முனையால் துடைத்தார். பலகையைப் பின்னுக்கு இழுத்து மறுபடியும் கைடோடு சேர்த்தார். “போடு பாப்பா,” என்று எனக்குச் சுவிட்சைக் காட்டினார்.

பலகை முழுவதும் போயிற்று. அறுத்த நுனியில் கோணம் பார்க்கும் மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தேன், இடையில் வெளிச்சம் நுழையவில்லை. நிமிர்ந்தபோது மாமாவின் முழங்கால்கள் வேட்டிக்குள் நடுங்குவது தெரிந்தது. பாயும் பார்த்தார், புது ஆளும் பார்த்தார். மாமா வாலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

பிறகு நெல்லிக்குப்பத்துக்காரரிடம், “அடுத்ததத் தூக்கியா. அந்தப் பக்கம் நீ தாங்கிக்க, நான் தள்றேன்,” என்றார். அந்த ஆள் ஒரு முறை பாயைப் பார்த்தார். பாய் தொப்பியைக் கழற்றி மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போனார்.

இப்போது எனக்குச் சிதம்பரத்தில் வரைபட வேலை. மேஜையும் ஸ்கேலும் காகிதமும்தான். இங்கே எதுவும் எகிறாது. போன மாதம் கடலூர் போனபோது மாமா அதே மிஷினில் நின்றிருந்தார். கால் நடுக்கம் போய்விட்டதா என்று கேட்டேன்.

“எங்க போவும்? அகலமா வந்தா மொதப் பலகைக்கு இன்னும் நடுங்குது பாப்பா,” என்றார். “அதான் ரெண்டாவதச் சீக்கிரம் எடுத்துடுறேன்.”