சின்னம்மா உப்பு விட்ட ஆடி

என் மருமகளுடைய செல்போன் பகலில் பல தடவை கிணுகிணுக்கும். யாரோ கூப்பிடுகிறார்கள் என்று பார்த்தால் இல்லை. தண்ணீர் குடி என்று அது ஞாபகப்படுத்துகிறதாம். தடா பக்கம் கம்பெனிகள் வந்த பிறகு விடிவதற்கு முன்பே பஸ் வந்து எங்கள் ஊர்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகிறது. மருமகளும் போகிறாள். கோடு போட்ட பெரிய பாட்டில் ஒன்று அவள் கையிலேயே இருக்கும். கோடு கோடாகக் குடித்துக்கொண்டே வருவாள்.

"தண்ணி எவ்ளோ குடிச்சாலும் கெடுதல் இல்ல அத்தே, நீயும் குடி" என்றாள் ஒருநாள்.

வேலை செய்து களைத்து வந்த பெண்ணிடம் எதிர்ப்பேச்சு பேசுகிற பழக்கம் எனக்கில்லை. ஆனால் தண்ணீரால் ஒரு உயிர் போகப் பார்த்ததை நான் கண்ணால் கண்டவள். எழுதித்தான் வைப்போமே என்று உட்கார்ந்தேன். நான் மூன்றாவது வரை படித்தது தெலுங்குப் பள்ளிக்கூடத்தில். தமிழ் எழுத்தைத் திருத்தணி போகிற பஸ்களின் போர்டைப் பார்த்து நானாகவே கற்றேன். அதனால் மெதுவாகத்தான் வரும். படிக்கிறவர்களும் மெதுவாகவே படிக்கலாம்.

அப்போது எனக்கு எட்டு வயதோ ஒன்பதோ. விஜயபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வேர்க்கடலைக் கொல்லையை வாரத்துக்கு எடுத்துப் பயிர் செய்துகொண்டிருந்தோம். அதே கொல்லை பிற்பாடு எங்களுடையதே ஆயிற்று, அது வேறு கதை. வீட்டில் நைனா, அம்மா, நான், நைனாவின் அக்காவான பெரியத்தை, அப்புறம் சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு வந்த சின்னம்மா. சித்தப்பா மட்டும் வீட்டில் இல்லை. மெட்ராஸ் ஹார்பரில் மூட்டை தூக்கப் போயிருந்தார்.

பொங்கலுக்கு வந்து போனவர்தான். அதன்பிறகு ஆளும் வரவில்லை, சேதியும் வரவில்லை. மெட்ராஸிலிருந்து வந்தவர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒருவர் ராயபுரத்தில் பார்த்தேன் என்றார். இன்னொருவர் கப்பலேறிவிட்டான் என்றார். மூன்றாமவர் சொன்னதைப் பெரியவர்கள் என்னை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டார்கள். சின்னம்மா அழவில்லை, யாரிடமும் போய் விசாரிக்கவும் இல்லை. ஒருநாள் காலையில் தலைக்குக் குளித்துவிட்டு வந்து, "தணிகாசலத்துக்கு வேண்டிக்கினேன் அக்கா. ஆடிக் கிருத்திக வரைக்கும் எனக்கு உப்பு வேணாம். கிருத்திகைக்குக் காவடி எடுக்கறேன். அவரு வந்துடணும்" என்று அம்மாவிடம் சொன்னாள்.

திருத்தணி எங்கள் சித்தூர் ஜில்லாவிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டுப் பக்கம் போன புதிது. "மலையையே பிரிச்சி எடுத்துக்கினு பூட்டானுங்க. இனிமே நம்ம ஜில்லா வேண்டுதல அந்தச் சாமி கேக்குமா?" என்று நைனா சிரித்தார். "வாயக் கழுவு. சாமிக்கு ஜில்லா ஏது?" என்று பெரியத்தை அடக்கினாள். எந்தச் சாமிக்கு என்ன பிடிக்கும் என்பதெல்லாம் எங்கள் வீட்டில் பெரியத்தை இலாகா.

உப்பில்லாத களியை நானும் ஒருவாய் தின்று பார்த்தேன். மண்ணைத் தின்பது போலிருந்தது. சின்னம்மாவுக்கும் இறங்கவில்லை. இரண்டு உருண்டையைத் தட்டில் வைத்தால் ஒன்று அப்படியே கிடக்கும். அந்த இடத்தை அவள் தண்ணீரால் நிரப்பினாள். களை வெட்டுகிற நாள்கள் அவை. ஆடி மாசம் என்று பேர்தான், வெயில் சித்திரை போலக் காய்ந்தது. வேர்வை ஊற்ற ஊற்றக் குனிந்தே வெட்டுவாள். அவ்வப்போது நிமிர்ந்து என்னைப் பார்ப்பாள். நான் சொம்போடு ஓடுவேன். அண்ணாந்து கடகடவென்று குடித்துவிட்டு, "என் கண்ணு, இன்னொண்ணு கொண்டா" என்பாள். பெரிய வேலை ஒன்று என்னை நம்பி நடக்கிறது என்று எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

கிருத்திகைக்குச் சில நாளே இருந்தபோது, காலையில் சின்னம்மா தலை வலிக்கிறது என்றாள். முகம் உப்பியிருந்தது. கொல்லைக்கு வந்து பாதிச் சாலுகூட வெட்டவில்லை, வாந்தி எடுத்தாள். வந்ததெல்லாம் வெறும் தண்ணீர். அம்மா வீட்டுக்குக் கூட்டிவந்து உட்கார வைத்தாள். சின்னம்மா என்னைப் பார்த்து வேறு யாருடைய பெயரையோ சொல்லிக் கூப்பிட்டாள். திடீரென்று சிரித்தாள். தலை ஒரு பக்கமாக ஆடியது. "கப்பல் வந்துடுச்சி, கப்பல் வந்துடுச்சி" என்று சொல்ல ஆரம்பித்தாள்.

பெரியத்தை எழுந்து நின்று முந்தானையை இடுப்பில் செருகினாள். "கங்கம்மா வந்துட்டா!" என்றாள். கங்கம்மா எங்கள் ஊர் அம்மன்.

அவ்வளவுதான், தெரு முழுக்க எங்கள் வாசலில். மஞ்சளைக் கரைத்து வேப்பிலை போட்டுச் சொம்பு வந்தது. கற்பூரம் வந்தது. நைனா மட்டும், "எக்கா, அவ வேண்டிக்கினது முருகனுக்கு. கங்கம்மா எதுக்கு வர்றா?" என்று மெதுவாகக் கேட்டார். "அக்கா தம்பி ஒறவு இல்லாத சாமிங்களா? நீ சும்மா இரு" என்றாள் பெரியத்தை. அவள் சின்னம்மாவின் காலில் விழுந்தாள். "தாயே, என் தம்பி எங்க இருக்கறான் சொல்லு."

"தண்ணி" என்றாள் சின்னம்மா.

"பாத்தியா, தண்ணி மேல இருக்கறானாம்!" என்று கூட்டத்தில் ஒருத்தி விளக்கம் சொன்னாள். அம்மனுக்குத் தாகம் என்றாள் இன்னொருத்தி. மஞ்சள் தண்ணீரைக் கொடுத்தார்கள். குடித்தாள். கொடுக்கக் கொடுக்கக் குடித்தாள். எங்கள் வீட்டுக்குச் சாமி வந்திருக்கிறது என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். அப்போது சின்னம்மாவின் பல் கட்டிக்கொண்டது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. கற்பூரத் தட்டு உருண்டு போயிற்று.

அம்மா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து அவள் தலையை மடியில் வைத்தாள். "சாமியுமில்ல ஒண்ணுமில்ல. கண்ணு மேல சொருகுது பாரு. வண்டியக் கட்டுய்யா!" என்று நைனாவைப் பார்த்துக் கத்தினாள். அம்மா நைனாவிடம் கத்தி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

பெரியத்தையும் சொம்போடு வண்டியில் ஏற, எல்லோரும் நகரிக்குப் போனோம். அங்கே இருந்த டாக்டர் தெலுங்குக்காரர். கண்ணைப் பிரித்துப் பார்த்தார், காலை அமுக்கிப் பார்த்தார். என்ன தின்றாள் என்று கேட்டார். அம்மா உப்பு விட்ட கதையைச் சொன்னாள். தண்ணீர் எவ்வளவு குடித்தாள் என்று அடுத்தாற்போல் கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "எவ்ளோ கேட்டாலும் நான்தான் குடுத்தேன்" என்றேன். டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஒண்ட்லோ உப்பு லேது. அந்தா நீள்ளே!" என்றார். உடம்பில் உப்பே இல்லையாம், எல்லாம் தண்ணீராம். ஒரு கண்ணாடிப் பாட்டிலைக் கம்பியில் தொங்கவிட்டு, சின்னம்மாவின் கையில் ஊசியைக் குத்தினார். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வாயில் ஊற்றக்கூடாது என்று நைனாவிடம் விரலை ஆட்டிச் சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போனார்.

தண்ணீர் குடித்து யாராவது சாவார்களா? எங்களில் ஒருவரும் நம்பவில்லை. பெரியத்தை சொம்பை எடுத்துக்கொண்டு எழுந்தாள். சின்னம்மா படுத்திருந்த அறையின் வாசற்படியில் நைனா குறுக்கே நின்றார்.

"வழிய வுடுடா. போற உசுருக்கு ஒரு முழுங்கு ஊத்தக்கூடாதுன்றான், அவனெல்லாம் ஒரு டாக்டரா? நாக்கு வறண்டா அவ போவணும்?"

"அவ போவமாட்டா எக்கா. நீ ஊத்துனாதான் போவா."

"உனுக்குத் தெரியுமா?"

"எனுக்கு இன்னா தெரியும்? டாக்டர் சொல்றாரு."

நைனா கதவின் இரண்டு பக்கமும் கையை ஊன்றிக்கொண்டார். அவர் நகரவில்லை.

பெரியத்தை சொம்பைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பாட்டிலை ஏற இறங்கப் பார்த்தாள். "அதுல இன்னா ஊத்தறான்?" என்றாள். உள்ளே இருந்த டாக்டருக்குக் காதில் விழுந்துவிட்டது. "உப்பு நீள்ளு" என்றார். நீள்ளு என்றால் தண்ணீர் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். உப்பு என்பதோ இரண்டு பாஷையிலும் உப்புதான். புரியாததுபோல் இருக்கக்கூட வழியில்லை.

"ஐயோ, வெரதம் கலைஞ்சிடுமே! புடுங்கச் சொல்லுடா!"

"வாயால துன்னமாட்டேன்னுதான் சாமிகிட்ட சொல்லிக்கினா. கையால துன்னமாட்டேன்னு சொன்னாளா?" என்றார் நைனா.

பெரியத்தை சின்னம்மாவின் வாயையும் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். கடைசியில், "அப்டின்னா அவளுக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா கலைஞ்சிடும்" என்று தீர்ப்புச் சொன்னாள். யார் கேட்டாலும் அது சர்க்கரைத் தண்ணீர் என்று முடிவாயிற்று. நான் உளறிவிடாமல் இருக்க அம்மா என் தொடையில் முன்கூட்டியே ஒரு கிள்ளு வைத்தாள்.

மறுநாள் சின்னம்மா கண் விழித்தாள். என் பெயரைச் சரியாகச் சொன்னாள். தொங்குகிற பாட்டிலைப் பார்த்தாள். "இன்னாக்கா அது?"

"சக்கர தண்ணி. தெம்புக்கு" என்றாள் அம்மா, புடவையை மடித்துக்கொண்டே.

சின்னம்மா என் பக்கம் திரும்பினாள். "சக்கர தண்ணிதான் சின்னம்மா. டாக்டரே சொன்னாரு" என்றேன். கண்ணை இமைக்காமல் சொன்னேன். அவள் நாக்கை வெளியே நீட்டி உதட்டைத் தடவிப் பார்த்தாள். மறுபடியும் தடவினாள். தாகமாக இருக்கிறதாக்கும் என்று, "டாக்டரக் கேட்டு ஒரு முழுங்கு வாங்கியாரட்டா?" என்றேன்.

"வேணாம் கண்ணு" என்றாள். கண்ணோரமாகத் தண்ணீர் இறங்கிக் காதுக்குப் போயிற்று. "ஆமா, இனிக்குது" என்றாள்.

வீட்டுக்கு வந்த பிறகு டாக்டர் சொன்னபடி அம்மா கஞ்சியில் ரகசியமாக உப்புப் போட்டாள். சின்னம்மா கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டாள். பாவம், ஏமாந்துவிட்டாள் என்று நான் சமையல்கட்டின் மூலையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். கிருத்திகைக்குப் போய்க் காவடியும் எடுத்தாள். நைனாவும் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள்.

ஐப்பசியில் சித்தப்பா வந்தார். கடைக்குப் போய்விட்டு வந்தவர் மாதிரி வந்து சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, சோறு போடு என்றார். இரண்டு வாய் தின்றுவிட்டு, குழம்பில் உப்பு கம்மி என்றார். சின்னம்மா எழுந்து போய் உப்புச் சட்டியை எடுத்து வந்து அவர் எதிரில் வைத்தாள். எங்கே இருந்தீர்கள் என்று எங்கள் எதிரில் கேட்கவில்லை. அப்புறம் கேட்டாளோ என்னவோ. கலையாத விரதம் என்று பெரியத்தை ஊரெல்லாம் சொன்னாள். அந்த ரகசியத்தை இத்தனை பேர் சேர்ந்து காப்பாற்றிக் கொடுத்தோம் என்று எனக்கும் வெகுநாள் ஒரு கர்வம் இருந்தது.

எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் பெற்ற பிறகு, திருப்பதி ஆஸ்பத்திரியில் வயிற்றில் ஒரு ஆபரேஷன் நடந்தது. என் கையிலும் ஊசி குத்தி ஒரு பாட்டிலைத் தொங்கவிட்டார்கள். நர்ஸம்மா குழாயைத் திறந்துவிட்டாள். நான் வாயைத் திறக்கவே இல்லை, எதுவும் தின்னவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் நாக்கில் உப்புக் கரித்தது. சின்னம்மா மாதிரி நானும் நாக்கை நீட்டி உதட்டைத் தடவிப் பார்த்தேன்.