ஓடி ஏறி நிற்கிற உடம்பு

தங்கை பந்தயத்தை முடிக்கவில்லை என்ற செய்தி வாட்ஸப்பில் ஒரு பட்டியலாக வந்தது. பதினாறு வரி. ஓட்டம், வேலை, ஓட்டம், வேலை என்று மாறி மாறி எட்டு தடவை. ஒவ்வொன்றுக்கும் நேரே நிமிடமும் நொடியும். கடைசி வரிக்கு நேரே மட்டும் எண் இல்லை, சின்னதாக ஒரு கோடு. அடுப்பில் பால் பொங்கி வழிவதுகூடத் தெரியாமல் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பந்தயம் இப்படித்தான். ஒரு பெரிய கூடத்துக்குள் சுற்றிச் சுற்றி ஒரு கிலோமீட்டர் ஓட வேண்டும். ஓடி வந்ததும் ஒரு வேலை. பாரம் ஏற்றிய இரும்புச் சட்டத்தைத் தரையோடு தள்ளிக்கொண்டு போவது, அதைக் கயிற்றால் இழுப்பது, இரண்டு கையிலும் எடைக்குண்டு தூக்கி நடப்பது, மணல் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒவ்வோர் அடிக்கும் முட்டி தரையில் படுமாறு நடப்பது, இப்படி எட்டு. ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் ஒரு கிலோமீட்டர். கடைசி வேலை, கனமான பந்தைச் சுவரில் உயரத்திலிருக்கும் வட்டத்தில் அடித்துப் பிடிப்பது. எழுபத்தைந்து தடவை. எல்லாம் இரண்டு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். தங்கை நாற்பத்து நான்காவது பந்தைப் பிடித்தபோது மணி அடித்துவிட்டது.

அவளுக்கு வயது நாற்பத்து மூன்று. டோம்பிவிலியில் வீடு, வாஷியில் சரக்குக் கப்பல் ஆபீஸ் ஒன்றில் வேலை. நடுவே தாணேயில் ரயில் வண்டி மாற வேண்டும். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று ஜிம்முக்குப் போனவள், இரண்டே வருடத்தில் இந்தக் கிறுக்கில் வந்து நிற்கிறாள்.

"ஏக்கா, பாத்தியா?" என்றாள் போனில்.

"பாத்தேன். நாப்பத்திநாலு பந்து போட்டிருக்கியே, அது என்ன சும்மாவா?"

"முடிக்கலல்லா. அத்தன பேரும் முடிச்சவங்க வாங்குத துணிப்பட்டயத் தோள்ல ஒட்டிக்கிட்டுப் போட்டோ எடுக்கா, நான் வாட்டர் பாட்டில வச்சிக்கிட்டு நிக்கேன். மூணு மாசத்துல இன்னொண்ணு இருக்கு. அதுலயும் முடிக்கலன்னா அவ்வளவுதான். வயசாயிட்டுன்னு ஒத்துக்கிட்டு வீட்டுல இருந்துருவேன்."

"கோச் என்ன சொல்லுதாவ?"

"மேடமா? கால்ல சக்தி இல்லயாம். இன்னும் எட தூக்கணுமாம். முட்டி வலிக்கின்னு சொன்னா, ஹோ ஜாயேகா, எல்லாம் ஆயிரும்ங்காவ."

ஒத்துக்கிடுவேன் என்று அவள் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. தாராவியில் ஒரே அறையில் ஆறு பேர் வளர்ந்த வீட்டில், பாய்க்குக்கூட இடம் விட்டுக்கொடுக்காதவள் அவள். 

எனக்கு உடற்பயிற்சி பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் ஓரிடத்தில் உட்காரத் தெரியாதவள் நான். செம்பூரில் எங்கள் மூன்றாவது மாடி வீட்டின் சின்னக் கூடத்தில் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தேன். ஜன்னலிலிருந்து அடுக்களை, அடுக்களையிலிருந்து ஜன்னல். நடக்க நடக்க எண்கள் கொஞ்சம் கொஞ்சமாய்ப் பேச ஆரம்பித்தன. ஓட்டத்தின் நேரமெல்லாம் பொன். வேலையின் நேரமெல்லாம் இரும்பாய்க் கனம். கோச் சொன்னதும் அதுதான். ஆனால் இரும்புச் சட்டத்தைத் தள்ளி முடித்ததற்கு அடுத்த ஓட்டம், முதல் ஓட்டத்தைவிட வேகம். சக்தி இல்லாத கால், அத்தனை பாரத்தைத் தள்ளிய பிறகு எப்படிப் பறக்கும்? அந்த ஒரு வரியில் என் நடை நின்றது.

தங்கை வீட்டுக்காரர் பந்தயத்தைத் துண்டு துண்டாகப் படம் எடுத்திருந்தார். கேட்டதும் பதினான்கு துண்டுகளையும் அனுப்பினார். பாதியில் அவருடைய கட்டைவிரல், மீதியில் பூகம்பம்.

"மதினி, கோவிச்சுக்காதீங்க. கத்திக்கிட்டே எடுத்தேன், அதான் ஆடுது" என்றார்.

ஆடினால் என்ன. பார்த்தேன். தங்கை காற்றைப் போல வளைவைத் தாண்டி வருகிறாள். பின்னல் பின்னால் பறக்கிறது. முகமெல்லாம் வெளிச்சம். நேரே இரும்புச் சட்டத்திடம் வருகிறாள், வலது கையை உயர்த்தி அதன் செங்குத்துக் கம்பியைப் பிடிக்கிறாள். பிடித்து, நிற்கிறாள். நெற்றியைத் துடைக்கிறாள். இடது பக்கம் பார்க்கிறாள், வலது பக்கம் பார்க்கிறாள். பின்னால் யாரோ வருகிற சத்தம் கேட்டதும் ஒதுங்கி இடம்கூட விடுகிறாள். அப்புறம்தான் குனிந்து தள்ளுகிறாள். தள்ள ஆரம்பித்தால் எருமைக்கடா மாதிரி ஒரே மூச்சு.

போனிலிருந்த ஸ்டாப்வாட்சில் அளந்தேன். ஐம்பத்திரண்டு நொடி சும்மா நின்றிருக்கிறாள். கயிற்றிடம் நாற்பத்தேழு. எடைக்குண்டுகளிடம் முழுசாக ஒரு நிமிடம். அங்கே பக்கத்துப் பெண்ணிடம் வாய் அசைவதும் தெரிந்தது. எட்டு இடத்தையும் கூட்டினால் ஏழு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. மிச்சமிருந்த முப்பத்தொரு பந்துக்கு அவள் வேகத்தில் நான்கு நிமிடம் போதும்.

நிற்கிறாள் என்பது தெரிந்துவிட்டது. ஏன் நிற்கிறாள் என்பது தெரியவில்லை. அந்த நிலையை, அந்த உயர்த்திய கையை, நான் எங்கோ பார்த்திருந்தேன். எங்கே என்று மட்டும் பிடிபடவில்லை.

மறுநாள் காலை செம்பூர் ஸ்டேஷனில் பிடிபட்டது. வண்டி நகரத் தொடங்கியிருந்தது. கைப்பையை மார்போடு அணைத்தபடி ஒரு பெண் படியிறங்கி ஓடி வந்தாள். வாசலிலிருந்து நாலு கை நீண்டது, தாவி ஏறினாள், மேலே தொங்கிய பிடியைப் பற்றினாள். பற்றியதும் அப்படியே அடங்கிப்போனாள். நெற்றியைத் துடைத்தாள். இடம் பார்த்தாள், வலம் பார்த்தாள். பின்னால் வந்தவளுக்கு ஒதுங்கி இடம் விட்டாள். நான் பிளாட்பாரத்தில் நின்று தனியாகச் சிரித்தேன். பக்கத்திலிருந்த கிழவர் தள்ளிப் போய் நின்றார்.

இந்த ஊரில் ஓட்டம் என்பது பிடி கிடைக்கும் வரைதான். பிடி கிடைத்துவிட்டால் பிறகு வண்டி பார்த்துக்கொள்ளும். இருபது வருடம், நாளுக்கு நாலு வண்டி, வண்டி மாற தாணே ஸ்டேஷன் நடைபாலத்தின் மேல் நாளுக்கு இரண்டு ஓட்டம். அவள் தோளுக்கும் முழங்காலுக்கும் அது மனப்பாடம். கம்பியைத் தொட்டதும் உடம்பு, ஏறியாச்சு அம்மா, இனி நில்லு என்கிறது. அவளும் நல்ல பெண்ணாக நிற்கிறாள்.

சொன்னபோது அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நின்னேனா? நானா? மூச்சு முட்டிச் சாவுதேன், நின்னேங்கியே."

"எடக்குண்டு தூக்குத எடத்துல பக்கத்துல நின்னவகிட்ட என்னட்டி பேசுன?"



"எங்க இருந்து வாறீங்கன்னு கேட்டேன்."

"எங்க இருந்தாம்?"

"பன்வேலாம்" என்றவள் வெடித்துச் சிரித்தாள். அந்தப் பக்கம் அவள் வீட்டுக்காரரும் சிரிப்பது கேட்டது. "ரயில்ல மாதிரி, உட்கார எடம் குடுப்பான்னு பாத்திருப்பா" என்றார். அவருக்கு ஓர் அடி விழுந்த சத்தமும் கேட்டது.

அடுத்த ஞாயிறு காலை செம்பூர் மைதானத்துக்கு வந்தாள். வீட்டிலிருந்த பத்துக் கிலோ அரிசிப் பையை நான் இடுப்பில் வைத்துக்கொண்டு போயிருந்தேன். விதி ஒன்றுதான். அவள் ஒரு சுற்று ஓடி வர வேண்டும், நான் மூன்று எண்ணுவதற்குள் பையைத் தூக்கியிருக்க வேண்டும். முதல் தடவை பதினேழு வரை எண்ணினேன். இரண்டாம் தடவை பையைத் தொட்டுக்கொண்டே நின்றாள்.

"தொட்டுட்டேன்லா?"

"தொட்டா போதுமா? அது என்ன, கோயில் மணியா?"

"மூச்சு வரட்டும்க்கா."

"ஓடும்போதே வரட்டும். கடைசி நூறு அடிய மெதுவா வா."

"மெதுவா வந்தா போயிருமே."

"என்ன போயிரும்?"

அரிசிப் பையைப் பார்த்தாள். அது எங்கும் போகிறதாயில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, மைதானத்தில் கிரிக்கெட் ஆடியவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள்.

அதிலிருந்து ஓட்டத்தின் கடைசிப் பகுதியை அடக்கி ஓடப் பழகினாள். ஞாயிறு மட்டும் போதாது என்று அவளே ஒன்று கண்டுபிடித்தாள். தாணேயில் பாலம் கடந்து, வாஷி வண்டியின் பெண்கள் பெட்டியில் ஏறிய அந்த நொடியே குதிகாலை உயர்த்தி உயர்த்தி இறக்குவது. நிற்கவே கூடாது. முதல் வாரம் எல்லோரும் ஒரு மாதிரிப் பார்த்தார்களாம். இரண்டாம் வாரம், தினமும் வண்டியில் வெண்டைக்காய் நறுக்குகிற மராத்திக்காரி கத்தியை நிறுத்திவிட்டு எண்ண ஆரம்பித்தாளாம். மூன்றாம் வாரம் ஒருநாள் நானும் கூடப் போனேன். கோபர்கைரனே ஸ்டேஷன் வருவதற்குள் பெட்டியின் அந்த மூலையில் ஏழெட்டுப் பெண்கள் குதிகாலை உயர்த்தி இறக்கிக்கொண்டிருந்தார்கள். வளையல்கள் ஒன்றாய் ஏறின, ஒன்றாய் இறங்கின. வெண்டைக்காய்க்காரி, "ச்சலா, தஹா பாகி" என்று அதட்டினாள். இன்னும் பத்து பாக்கியாம். என் கெண்டைக்கால் மறுநாள் முழுக்கத் திட்டியது.

கோச் மேடம் நான் அளந்த நொடிக் கணக்கைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் எடையைக் குறைத்தார். முட்டி வலி தணிந்தது. "ஆப்கி தீதி கோ பகார் தேனா படேகா," உங்கள் அக்காவுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியிருக்கும் என்றாராம்.

இரண்டாவது பந்தயத்துக்கு நானும் போனேன். கயிறு கட்டிய எல்லைக்கு இந்தப் பக்கம், தங்கை வீட்டுக்காரரும் நானும். கையில் போனைப் பிடிக்க அவருக்கு நான் அனுமதி தரவில்லை. முதல் ஓட்டத்தில் பத்துப் பேர் அவளைத் தாண்டிப் போனார்கள். என் நாக்கில் கெட்ட வார்த்தை வந்து நின்றது. அவள் அசரவில்லை. வளைவில் வேகத்தை இறக்கினாள், வந்தாள், ஒன்று, இரண்டு, தள்ளத் தொடங்கிவிட்டாள். கயிற்றில் இரண்டு எண்ணும் முன்னால் இழுத்தாள். எடைக்குண்டுகளிடம் மட்டும் ஒரு கணம் தலை பக்கவாட்டில் திரும்பியது. நானும் அவள் வீட்டுக்காரரும் ஒரே குரலில் கத்தினோம். திரும்பின தலை நேரானது.

கடைசிப் பந்து வேலைக்கு வந்தபோது பதினோரு நிமிடம் இருந்தது. இருபது வரை சுலபம். முப்பத்தெட்டில் பந்து நழுவி உருண்டது, ஓடிப்போய் எடுத்தாள். அறுபதுக்கு மேல் ஒவ்வொரு பந்துக்கும் என் நெஞ்சு வட்டத்தில் போய் மோதித் திரும்பியது. எழுபத்து மூன்று. எழுபத்து நான்கு உயரம் போதவில்லை என்று நடுவர் கையை ஆட்டினார். மறுபடி அடித்தாள், கணக்கில் ஏறியது. எழுபத்தைந்தாவது வட்டத்தின் நடு மூக்கில் விழுந்தது. நடுவரின் கை மேலே போனது.

தலைக்கு மேலிருந்த கடிகாரத்தில் இன்னும் இரண்டு நிமிடம் எட்டு நொடி யாருக்கும் வேண்டாமல் கிடந்தது. தங்கை என்னைத் தேடுவாள், வந்து கட்டிக்கொள்வாள் என்று கயிற்றின் மேல் பாதி சாய்ந்துவிட்டேன். அவள் எங்கள் பக்கமே திரும்பவில்லை. பக்கத்துத் தடத்தில், அவளைவிட மூத்தவளாகத் தெரிந்த ஒருத்தி பந்தை அணைத்துக்கொண்டு தலை குனிந்து நின்றிருந்தாள். தங்கை தன் கோட்டின் ஓரத்துக்குப் போய்க் குனிந்து, "தீதி, கித்னா பாகி?" என்றாள், இன்னும் எத்தனை பாக்கி என்று.

"சௌதா" என்றாள் அவள், அழுகைக் குரலில். பதினான்கு.

"ஹோ ஜாயேகா. உட்டாவ்." ஆயிரும், பந்தைத் தூக்குங்க என்று தங்கை கையைத் தட்டி எண்ணத் தொடங்கினாள். ஏக். தோ. நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று தமிழில் எண்ணினேன், மூணு, நாலு. அவள் வீட்டுக்காரர் எந்த மொழியென்று தெரியாமல் கத்தினார். பந்து ஏறியது.