ரெண்டு மெஷினுக்கு ஒரே முகவரி

கம்பெனியை மூடிய அன்று ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு போனார்கள். ஒருவர் ஏணி, ஒருவர் மேசை ஃபேன், கேன்டீன்காரர் இட்லிக் குண்டான். கம்ப்யூட்டர் அறையில் பதினோரு வருடம் ஏசியில் உட்கார்ந்து மூளை விறைத்துப்போன நான், இரண்டு ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி லுங்கியில் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். விம்கோ நகர் ஸ்டேஷனில் இருந்து வீடுவரை திருடன்போல் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன். யாரும் துரத்தவில்லை. துரத்தும் அளவுக்கு அதில் ஒன்றுமில்லை என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

வெள்ளைக் கல்லை மாவாக அரைக்கிற கம்பெனி அது. அரைவை ஷெட்டில் இருந்து வெளியே வருகிறவன் புருவம், மீசை, காது மயிர் எல்லாம் வெளுத்து, முப்பது வயதிலேயே அறுபதாம் கல்யாணத்துக்குத் தயாரானவன் மாதிரி இருப்பான். குளித்தால் போய்விடும் என்று சொல்வார்கள். மேலே இருந்தது போய்விட்டது. உள்ளே போனது போகவில்லை.

உள்ளே வைத்துக்கொண்டவர்களில் ஒருவன் என் சிநேகிதன். நெட்டுக்குப்பத்துக்காரன். முகத்துவாரத்தில் அனல்மின் நிலையத்துச் சாம்பலும் வெந்நீரும் சேர்ந்து மீன் குறைந்தபோது வலையை மடித்துவிட்டு ஷெட்டுக்கு வந்தவன். போன வருடம் மழைக்காலத்தில் இருந்து அவனால் கட்டிலைவிட்டு எழுந்து வாசல்வரை போக முடியவில்லை. தொழிற்சங்கத்தார் இரவல் கொடுத்த ஆக்சிஜன் மெஷின் ஒன்று தலைமாட்டில் நின்று, கோபித்துக்கொண்ட மாமியார் மாதிரி விடாமல் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அதையும் சீக்கிரம் திருப்பித் தர வேண்டும். அடுத்தவர் காத்திருக்கிறார்.

மெடிக்கல் போர்டு வியாழக்கிழமைக்கு வரச் சொல்லியிருந்தது. நோய் வேலையால் வந்தது என்று மூன்று டாக்டர்கள் எழுதிக் கொடுத்தால், ஆயுசுக்கும் ஆக்சிஜன், மருந்து, படுக்கை எல்லாம் உண்டு. எழுதாவிட்டால் பீடியால் வந்தது, விறகடுப்பால் வந்தது, விதியால் வந்தது. அப்போதே மூச்சு குறைந்தது என்பதற்கு ஏதாவது காகிதம் உண்டா என்று கேட்டிருந்தார்கள். காகிதம் இல்லை. ஆனால் வருடத்துக்கு ஒருமுறை ஷெட் ஆட்களை எல்லாம் வரிசையில் நிற்கவைத்து ஒரு குழாயில் ஊதச் சொல்வார்கள். யாருக்கு எவ்வளவு வந்தது என்று ஆட்களிடம் சொன்னதே இல்லை. எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறியது. ஏற்றியவன் நான்.

ஆக, வியாழக்கிழமைக்குள் அந்த டிஸ்க்குகளில் தூங்கும் கணக்குப்பிள்ளையை எழுப்ப வேண்டும். ரிச்சி தெருவில் ஒரு கடைக்காரர் இரண்டு டிஸ்க்கிலும் இருந்ததை அப்படியே நகலெடுத்து என் லேப்டாப்பில் போட்டுக் கொடுத்தார். பழைய கம்ப்யூட்டர் மாதிரியே நடிக்கிற எமுலேட்டர் என்றொரு மென்பொருள் இருக்கிறது. அதில் ஒரு டிஸ்க்கைக் கொடுத்தால் எங்கள் பழைய சர்வராகவும், இன்னொன்றைக் கொடுத்தால் என் பழைய மேசைக் கம்ப்யூட்டராகவும் நடிக்கும். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்தபோது எனக்குக் கண் கலங்கியது. செத்தவரைச் சொப்பனத்தில் பார்ப்பதுபோல, கிட்டத்தில் இருப்பார், பேச மாட்டார். விவரமெல்லாம் சர்வரில். அதைப் படிக்கத் தெரிந்த புரோகிராம் மேசை மெஷினில். அது சர்வரைத் தேடித்தேடிப் பார்த்துவிட்டு, சர்வர் கிடைக்கவில்லை என்று ஒரு வரி எழுதிவிட்டு நின்றுவிடும்.

எழும்போது தானும் பார்க்க வேண்டும் என்றான் சிநேகிதன், ஆனால் மாடியேறி என் வீட்டுக்கு அவனால் வர முடியாது. நான் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு திங்கட்கிழமை காலை பஸ் ஏறினேன்.

"இன்னா மாமு, எயிந்துச்சா உன் பொணம்?" என்றான் கட்டிலில் சாய்ந்தபடி. இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டான்.

"ரெண்டும் எயிந்து குந்திகினு கீது. ஒண்ணுக்கொண்ணு பேசிக்க மாட்டேங்குது."

"புருசன் பொண்டாட்டியா இருக்கும். உட்டுப் புடி."

அடுக்களையில் இருந்து அவன் மனைவி, "அதுங்களுக்கு இன்னா, வாயி வலிக்குதா?" என்றாள். மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள்.

முதல் கோளாறு என் சோம்பேறித்தனம். எமுலேட்டரில் சுலபமான ஓர் இணைப்பு வழி இருக்கிறது. தானாகவே எல்லாம் செய்துகொள்ளும். நான் அதைத்தான் தேர்ந்தெடுத்திருந்தேன். அந்த வழியில் ஒவ்வொரு மெஷினும் தனித்தனி அறைக்குள் பூட்டிக்கொண்டு, ஜன்னல் வழியாக வெளி உலகத்தை மட்டும் பார்க்கும். பக்கத்து அறையில் இருப்பவனைத் தெரியாது. போதாததற்கு, எங்கள் கம்பெனி மெஷின்கள் பேசியது இன்டர்நெட்டுக்கு முந்தைய பாஷை. அந்த ஜன்னலில் அது நுழையவே நுழையாது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு அரை நாள் ஆனது. நான் கம்ப்யூட்டர் செக்‌ஷனில் நல்ல பெயர் வாங்கியவன். செக்‌ஷனில் மொத்தம் இரண்டு பேர்.

இரண்டையும் நேராக லேப்டாப்பின் நெட்வொர்க் கார்டோடு கட்டிப்போடும் வழிக்கு மாற்றினேன். வைஃபையில் அது ஒத்துக்கொள்ளவில்லை. ஒயர் வேண்டும், அந்த ஒயரின் மறுமுனையில் ஏதாவது உயிரோடு இருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை வீட்டிலிருந்து சின்ன ஸ்விட்ச் பெட்டி ஒன்றைக் கொண்டுபோனேன். அதற்கு ஒரு பிளக் வேண்டும். அவர்கள் வீட்டு எக்ஸ்டென்ஷன் பலகையில் மூன்று ஓட்டை. ஒன்றில் ஆக்சிஜன், ஒன்றில் ஃபேன், ஒன்றில் என் லேப்டாப். லேப்டாப்பின் பேட்டரி செத்து இரண்டு வருடம்.

மூன்று பேரும் பலகையைப் பார்த்தோம்.

"ஃபேனப் புடுங்கு," என்றான் அவன். "எனக்கு இது போதும்," என்று மூக்கில் இருந்த குழாயைக் காட்டினான். "அவசரத்துல மாத்திப் புடுங்கிடாத. அப்பால உன் கம்ப்யூட்டர்ல தான் என்னிய எயுப்பணும்."

ஃபேனைப் பிடுங்கினேன். பெட்டியில் பச்சை விளக்கு மின்னியது. வியர்வை மூக்கு நுனியில் இருந்து விசைப்பலகையில் சொட்டச் சொட்ட வேலை பார்த்தேன். சர்வர் கிடைக்கவில்லை.

அடுத்த கோளாறு, தகவலைப் பொதிந்து அனுப்பும் உறை. சர்வர் ஒருவகை உறையில் போட்ட கடிதத்தைத்தான் பிரிக்கும், மேசை மெஷின் வேறுவகை உறையில் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தது. கம்பெனியில் இதை முதல்முதலில் நிறுவியவனே நான்தான். எந்த உறை என்று ஒரு சீட்டில் எழுதி மானிட்டரின் பக்கவாட்டில் ஒட்டியிருந்தேன். மானிட்டரை இரும்புக் கடைக்காரன் கொண்டுபோய்விட்டான். நான்கு வகையையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். மூன்றாவதில் ஏதோ அசைந்தது. சர்வர் திரையில் ஒரு வரி வந்தது, போனது. திரும்ப வந்தது, போனது. இணைப்பு நிற்கவில்லை.

புதன்கிழமை மதியம்தான் அதன் காரணம் பிடிபட்டது. ஒரு மெஷினுக்கான அமைப்புக் கோப்பை எழுதிவிட்டு, இரண்டாவதற்குச் சோம்பல்பட்டு அதையே நகலெடுத்து வைத்திருந்தேன். ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் தனி முகவரி எண் ஒன்று உண்டு. என் புண்ணியத்தில் இரண்டுக்கும் ஒரே எண். மேசை மெஷின் அனுப்பிய கடிதம் சர்வருக்குப் போனது. சர்வரின் பதில் யாருக்குப் போவதென்று தெரியாமல் நடுவில் நின்றது.

"கண்டுபுடிச்சிட்டேன் நைனா," என்றேன். "ரெண்டுத்துக்கும் ஒரே நம்பரு."

"அப்டின்னா?"

"உன் டோக்கன் நம்பர இன்னொருத்தன் எடுத்துகினு ஷெட்டுக்குள்ள போனா மாதிரி."

அவன் என்னைப் பார்த்தான். நான் விசைப்பலகையைத் துடைத்தேன். மனைவி எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னா ரெண்டு பேரும் ஊமையாயிட்டீங்க?"

அவளுக்குத் தெரியாது. சொல்ல வேண்டியதாயிற்று. ஊதும்போது நல்ல ஆளின் மூச்சில் எழுபது சதவீதத்துக்குக் கீழே வந்தால் ஷெட்டில் நிற்கக் கூடாது என்று, இவன் சேர்ந்த மூன்றாம் வருடம் கம்பெனி விதி போட்டது. வேறு வேலை கொடுப்பார்கள் என்று எழுதியிருக்கும். வேறு வேலை கிடையாது. வீட்டுக்குத்தான் போக வேண்டும். ஊத வைக்க வருகிறவர் வெளியாள், அவருக்கு முகம் தெரியாது. கையில் இருக்கும் பித்தளை டோக்கனைத்தான் பார்ப்பார். அதனால் மூச்சு போதாதவர்கள் ஆள் மாற்றி ஊதினார்கள். ஊதுவதற்குப் பெயர்போன ஆள், தூசி படாமல் ஏசி அறையில் வளர்ந்த நான். ஒரே நாளில் ஏழு பேருக்கு ஊதி, கேன்டீன் பின்னால் தலைசுற்றி உட்கார்ந்திருக்கிறேன். கூலி, வறுத்த நெத்திலி. அதைப் பெரிய தியாகம்போலக் கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இவனுக்கு எப்போதும் முதலில் ஊதுவேன். சிநேகிதன் அல்லவா, முழு மூச்சும் அவனுக்கு.

"எத்தினி வாட்டி?" என்றாள்.

"ரெண்டு வாட்டி," என்றான் அவன்.

"ரெண்டோ மூணோ," என்றேன் நான். "மத்ததெல்லாம் இவனே ஊதுனது. அது போதும்மா."

முகவரியின் கடைசி எண்ணை மாற்றினேன். இரண்டு மெஷினையும் அணைத்து மறுபடி கிளப்பினேன். இந்தமுறை வரி வந்தது, நின்றது. என் பழைய கடவுச்சொல்லைக் கேட்டது. அது அந்தக் கால நடிகை ஒருத்தியின் பெயர். சிநேகிதன் மனைவி முன்னால் அதைத் தட்டச்சு செய்ய வெட்கமாக இருந்தது. திரையில் நட்சத்திரமாகத்தான் விழும் என்பது அப்புறம் நினைவுக்கு வந்தது. டோக்கன் எண்ணைக் கொடுத்தேன்.

எட்டு வரி வந்தது. வருடத்துக்கு ஒன்று.

எண்பத்தொன்று. அறுபத்தாறு. அடுத்த ஆறு வரியும் தொண்ணூற்றாறுக்குக் குறையாமல், ஓட்டப்பந்தயக்காரனின் மூச்சு. இரண்டு இல்லை, மூன்று இல்லை, ஆறு. ஒரு மனிதன் தன் பெருந்தன்மையை எப்போதும் கூட்டித்தான் சொல்வான் என்று நினைத்திருந்தேன். நான் இதில் மட்டும் குறைத்துச் சொல்லியிருக்கிறேன்.

அவன் கண்ணைச் சுருக்கித் திரையைப் பார்த்தான். "யாருப்பா இவன்," என்றான், "நல்லாக் கீறானே." சிரிக்கப்போய் இருமல் வந்தது. இருமல் அடங்க ரொம்ப நேரமானது. அடங்கியதும், "அந்த ஆறு லைன தூக்கிடு மாமு. நீதான கம்ப்யூட்டர்காரன்."

தூக்கியிருப்பேன். விரல் போய்விட்டது. ஆறு வரியை அழிக்க எனக்கு ஆறு நிமிடம் தேவையில்லை. அழிக்காமலே எண்களை இறங்குமுகமாக மாற்றியும் கொடுத்திருக்கலாம், அறுபது, ஐம்பத்தைந்து, ஐம்பது என்று. பொய் எனக்குப் புதிதல்ல, அதுவும் அவன் பெயரில் எண் எழுதுவது கைவந்த கலை.

"அயிக்காதண்ணா," என்றாள் அவள். "நீதான் ஊதுனேன்னு எயுதிக் குடு. கையெயுத்துப் போட்டுக் குடு."

"அவன புடிச்சி உள்ள போட்டா?" என்றான்.

"போட்டா போடட்டும். அங்க ஃபேனு ஓடும்," என்றேன்.

புரோகிராம் அச்சிட்டதை எமுலேட்டர் ஒரு கோப்பாக எழுதிக் கொடுத்தது. எண்ணூர் ஜெராக்ஸ் கடையில் அதைக் காகிதமாக்கினேன். கடைசி ஆறு வரிக்கும் பக்கத்தில், இதை ஊதியது நான் என்று ஆறு தடவை எழுதி ஆறு தடவை கையெழுத்துப் போட்டேன். இம்போசிஷன் எழுதுவது போல இருந்தது.

வியாழக்கிழமை இரவல் சிலிண்டரோடு மூவரும் ஷேர் ஆட்டோவை மொத்தமாகப் பேசிக்கொண்டு போனோம். போர்டில் மூன்று டாக்டர்கள். நடுவில் இருந்த அம்மா அந்தக் காகிதத்தைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டும் ஒருமுறை படித்தார். எக்ஸ்ரேயை விளக்கில் வைத்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் ஏதாவது வேடிக்கையாகச் சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன்.

"முதல் ரெண்டு ரீடிங் போதும்," என்றார் மற்ற இருவரிடம். "ஒரே வருஷத்துல இவ்வளவு இறங்கியிருக்கு. எக்ஸ்ரேயும் அதையேதான் சொல்லுது. இது கல் தூசிதான்." எழுதினார். முத்திரை விழுந்தது. அவ்வளவுதான். மூன்று நாள் நான் பட்ட பாடு முத்திரை விழுகிற அந்த ஒரு சத்தத்துக்காக.

எழுந்திருக்கும்போது சிநேகிதன் கேட்டான். நான் கேட்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டிருந்ததை அவனே கேட்டான்.

"மேடம், அந்த அறுபத்தாறு வந்தப்பவே நான் ஷெட்ட உட்டு வெளிய வந்திருந்தா?"

அவர் பேனாவை மூடினார். "வந்தது போயிருக்காது. ஆனா இந்த அளவுக்கு முத்தியிருக்காது. வீட்டுக்குள்ள நடந்துகிட்டு இருந்திருப்பீங்க. அதுக்கப்புறம் போன ஒவ்வொரு வருஷமும் கணக்குதான்."

"செரி," என்றான் அவன், வழி கேட்டவன் வழி தெரிந்துகொண்டதுபோல.

திரும்பும்போது திருவொற்றியூர் தாண்டிக் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றன. ஆட்டோ நகரவில்லை. சிலிண்டரை நான் மடியில் வைத்துப் பிடித்திருந்தேன். அவன் என் தோளில் சாய்ந்து, "நானேதான உன்னிய ஊதச் சொன்னேன். நீயா வந்து ஊதுன?" என்றான். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "ஊதாங்காட்டி வூட்ல குந்திகினு பட்டினி கெடந்திருப்பேன்," என்றான். அப்புறம் தூங்கிவிட்டான்.

நான் லாரிகளின் நம்பர் பலகைகளைப் படித்துக்கொண்டிருந்தேன்.

அவள் சான்றிதழை ஜாக்கெட்டுக்குள் செருகியிருந்தாள், நனையாமல் இருக்க பிளாஸ்டிக் கவரில் போட்டு. ரொம்ப நேரம் கடல் பக்கமே பார்த்திருந்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டினால் தேவலை என்றிருந்தது.

"ஆறு வருசம்ண்ணா," என்றாள்.